பகுதியெண்ணில் இல்லாதவள்

நான் பேசாமல் இருந்தது போதும். நீ உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இனி உன்னால் என்னை மடக்கிப் பேச முடியாது என்ற தைரியமும் இதற்கு ஒரு காரணம்.

இன்று காலை பாடசாலைக்கு ஒரு பொதி வந்தது. மாகாணம் முழுவதற்குமான புதிய கல்வித் திட்டத்தின் வரைவு. பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைகிறவர்களையும், உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் போகிறவர்களையும் எப்படிக் கூட்டுவது என்று தடித்த புத்தகமாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதிபர்களும் என்னைப் போன்ற பிரதி அதிபர்களும் வாசித்துக் கருத்து எழுத வேண்டுமாம். மை மணம் மாறாத தாள்களைப் புரட்டிக்கொண்டு போனேன். நடுவில் ஒரு பக்கத்தில் நீ இருந்தாய். 'பரீட்சார்த்தி முகாமைத்துவம்' என்று தலைப்பு. எங்கள் கல்வி வலயத்தில் வெற்றி கண்ட முறையாம், எல்லா வலயங்களுக்கும் விரிவாக்கலாமாம். அடியில், அதை வகுத்த காலஞ்சென்ற திட்டமிடல் உதவிப் பணிப்பாளருக்கு, அதாவது உனக்கு, ஒரு வரி நன்றி.

நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் வேறு. 'தனிப்பட்டதாய் விடுறது' என்போம்.

நீ எப்போதும் அப்படி இருந்தவன் இல்லை. போர் முடிந்து எங்களை அடைத்துவைத்த முகாமில் நாம் ஒரே கூடாரத்தில் இருந்தோம். தறப்பாளுக்குக் கீழே, தகரத் துண்டொன்றில் கரியால் கணக்குப் போட்டுக் காட்டினாய். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், தாய் தகப்பன் எங்கே என்று தெரியாதவர்கள், ஒற்றைக் காலோடு வந்த ஒரு பிள்ளை என்று ஒருவரையும் விடாமல் பரீட்சைக்கு இருத்தினாய். "இவையள் பாஸ் பண்ணுவினமோ எண்டு என்னட்டக் கேக்காதேங்கோ. மண்டபத்துக்குள்ள போற உரிமையாவது அவையளுக்கு மிஞ்சட்டும்" என்று ஓர் அலுவலரோடு சண்டை பிடித்தாய். ஒரு பிள்ளைக்கு அடையாளக் கடிதம் வாங்க மூன்று நாள் முட்கம்பிக் கரையில் நின்றாய். அந்த மனிதனைத்தான் நான் நண்பன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மீள்குடியேறிய பிறகு திட்டமிடல் பதவிக்கு இருவரும் விண்ணப்பித்தோம். உனக்குக் கிடைத்தது. நேர்முகத்துக்கு முதல் நாள் என் குறிப்புகளை இரவல் வாங்கிப்போனதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. இந்த மடல் அதைப் பற்றியதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சித்தி வீத அட்டவணையில் எங்கள் வலயம் அடியில் கிடந்த வருடம். கூட்டம் முடிந்து உன் அறையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"பெயில் விடுற பிள்ளையளைப் பாஸ் பண்ண வைக்க வாத்திமார் வேணும்," என்றாய். "எங்கட வாத்திமார் யாழ்ப்பாணத்திலயிருந்து பஸ்ஸில வந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு ஓடுகினம். வீதம் ஏறாட்டி ஆய்வுகூடமும் வராது. மேல இருக்கிற தொகுதியெண்ணைக் கூட்ட ஏலாட்டி கீழ இருக்கிற பகுதியெண்ணைக் குறை, மச்சான். நீயும் கணக்கு வாத்திதானே?"

"அமைச்சின்ர சுற்றுநிருபத்தில அப்பிடி ஒரு வழியும் இல்லையே."

"சுற்றுநிருபம் கொழும்பில இருக்கு. நாங்கள் இஞ்ச இருக்கிறம்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் இங்கே எழுதிவைக்கத்தான் வேண்டும்.

வழி மிகவும் எளிது. பதினோராம் ஆண்டில் சித்தியடைய மாட்டார்கள் என்று தெரிகிறவர்களின் பெற்றோரை அழைப்பது. பிள்ளை பாடசாலை மூலம் எழுதாமல் 'தனிப்பட்ட பரீட்சார்த்தி'யாக எழுதட்டும் என்று சொல்வது. 'இது எங்கள் சொந்த விருப்பம்' என்று அவர்களிடம் ஒரு கடிதம் வாங்குவது. அதன்பின் அந்தப் பிள்ளை எங்கள் கணக்கில் இல்லை. எழுதியவர்கள் குறைய, சித்தி வீதம் ஏறும். எங்கள் பாடசாலையில் அந்த வருடம் ஒன்பது பேர். பட்டியலில் கையெழுத்து என்னுடையது.

ஒன்பது பேரில் ஒருத்தியின் தாய் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்பவர். உப்புத் தண்ணீரில் வெடித்த கைகளை மடியில் மறைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தனிப்பட்ட எண்டால், பிள்ளையைத் தனியக் கவனிப்பியளோ, சேர்?"

வெளியே இன்னும் எட்டுப் பெற்றோர் காத்திருந்தார்கள். "ஓம்" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "பெரிய உபகாரம், சேர். இவள் கணக்கில சரியான மொக்கு. வகுப்போட இருந்தால் ஆர் பாப்பினம்?" என்றவர் மகளின் தலையில் செல்லமாகக் குட்டினார். "கேட்டியே? உன்னைத் தனியப் பாக்கப்போகினமாம். இனியாவது புத்தகத்தைத் தொடு." கடிதத்தின் வாசகத்தை நானே எழுதிக்கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

தனிப்பட்டதாக எழுதுகிறவர்கள் தாங்களே விண்ணப்பம் நிரப்பி, முடிவுத் திகதிக்கு முன் அனுப்ப வேண்டும். அதை யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா என்று உன்னைக் கேட்டேன். "நாங்கள் நிரப்பிக் குடுத்தால் திரும்ப எங்கட பிள்ளையள் எண்டாகிடும். பேசாமல் இரு" என்றாய். பேசாமல் இருந்தேன். ஒன்பதில் இரண்டு பேர்தான் விண்ணப்பித்திருந்தார்கள்.

விண்ணப்பிக்காத ஏழு பேரில் ஒருத்தி அந்த உப்பளத் தாயின் மகள். முதல் நாள் பரீட்சைக்கு அவள் வந்தாள். வெளுத்த வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல், கண்ணாடிப் பையில் இரண்டு பேனைகள். மண்டப வாசலில் மேற்பார்வையாளர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார்.

"பரீட்சைச் சுட்டெண் என்ன, பிள்ளை?"

"அது சேரிட்ட இருக்கு" என்று என்னைக் கைகாட்டினாள். அவளுக்குக் கொஞ்சமும் பயமில்லை. தனியாகக் கவனிக்கப்படுகிற பிள்ளையல்லவா.

நான் உனக்குத் தொலைபேசி எடுத்தேன். "இப்ப என்ன செய்யிறது? வீட்ட போகச் சொல்லு. அடுத்த வருசம் பாப்பம்" என்றாய். அதே சொற்களை அவளிடம் சொன்னேன். உள்ளே மணி அடித்தது. அவள் போகாமல் மதிலோரம் நின்று, மற்றவர்கள் எழுதி முடித்து வரும்வரை காத்திருந்தாள். அவளைக் கூட்டிவந்து விட்ட தாய் அதற்குள் உப்பளத்துக்குப் போய்விட்டார்.

அந்த வருடம் எங்கள் வலயம் ஏறியது. உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படத்தில் உனக்குப் பக்கத்தில் நானும் நிற்கிறேன். அடுத்த வருடம் அவள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். உன் செத்தவீட்டில் ஒருவர் உன்னைக் கல்விக்காகத் தேய்ந்த மனிதன் என்று பேசினார். முகாமில் நின்றவனை நினைத்து எனக்கு அழுகை வந்தது. வாசலில் நின்றவளை நினைத்ததும் அது நின்றுவிட்டது.

போன கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு அவள் வந்திருந்தாள். தாய்க்குச் சுகமில்லை. தங்கை இப்போது பதினோராம் ஆண்டு, அக்காவைப் போலவே கணக்கு வராது. நான் பேசி முடித்ததும் அவள் எழுந்தாள்.

"சேர், தங்கச்சியையும் தனியக் கவனிக்கப் போறியளோ?"

பகிடி என்று நினைத்து இரண்டொருவர் சிரித்தார்கள். "இல்லைப் பிள்ளை, அவள் எங்களோடதான் எழுதுவாள்" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பட்டியலில் கையெழுத்து வைக்கிறவன்தான் நான், முடிவுசெய்வது வலயம். இன்று வந்திருக்கிற வரைவு அப்படியே நிறைவேறினால், எந்த வலயத்திலும் எந்தப் பிரதி அதிபராலும் அதைச் சொல்ல முடியாது.

கருத்துப் படிவத்தில் பெயர், பதவி, கையெழுத்து, பாடசாலை முத்திரை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அதில் எழுத எனக்குப் பயம். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. பயம் மட்டுமல்ல. என் பெயரைக் கண்டதும், "அந்தக் கதிரை கிடைக்காத எரிச்சல்" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல. அந்தத் தாயின் "பெரிய உபகாரம், சேர்" எனக்குள் கிடக்கிறது. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அதனால் இதை உன் பதவிப் பெயருக்கே அனுப்புகிறேன். உன் கதிரையில் இப்போது இருப்பவர் உடைத்து வாசிப்பார். யார் எழுதியது என்று ஊகித்தால் ஊகிக்கட்டும். ஊகிக்க முடியாவிட்டால், எந்தப் பாடசாலை, எந்தப் பிள்ளை என்று தேட ஒவ்வொரு பாடசாலையின் பட்டியலையும் திறந்து பார்க்க வேண்டிவரும். இங்கே போட்டால் தபால் முத்திரையில் எங்கள் ஊர் தெரிந்துவிடும். பின்னேரம் பஸ் எடுத்து மல்லாவிக்குப் போய், கையெழுத்து வைக்காமல் பெட்டியில் போடப்போகிறேன்.