தொண்ணூறு அடி எங்கே போனது

12-6-2000, திங்கள்

காலையில் தூறல். ஆம்பூர் பஸ் இருபது நிமிடம் லேட்.

தோல் கம்பெனி கம்ப்யூட்டரில் எனக்கு முதல் நாள். எண்ணைத் தட்டினால் எண் விழவில்லை. திரையில் ஒரு கோடு மட்டும் அங்கும் இங்கும் ஓடியது. கீபோர்டு செத்துவிட்டது என்று அளவு செக்‌ஷன் முழுக்கச் சொல்லி, எலக்ட்ரீசியன் முனுசாமியை டெஸ்டரோடு கூட்டி வந்துவிட்டேன். பிறகுதான் மகள் பியூலாவுக்குப் போன். தோல் அளவைக் கூட்டும் புரோகிராமை எழுதியவளே அவள்தான். "கீபோர்டு மேல பச்சை லைட்டு எரியுதாப்பா?" எரியவில்லை. நம்லாக் என்று ஒரு பட்டன். தட்டினேன், எல்லாம் சரி.

முனுசாமி டெஸ்டரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, "இன்னா சார், உசுரோட இருக்கிறதுக்கே எழவு சொல்லி அனுப்பிட்டீங்களே" என்றார்.

குறிப்பு 1. எண் விழாவிட்டால் நம்லாக். எலக்ட்ரீசியன் வேண்டாம்.

இந்த வாரம் ஒத்திகை. ஒரு லாட், நானூறு தோல். அளவை நோட்டிலும் எழுத வேண்டும், கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை இரண்டும் ஒத்துப்போனால் முதலாளி புரோகிராமை வைத்துக்கொள்வார். வைத்துக்கொண்டால்தான் பியூலாவை அவள் வேலை செய்யும் கம்ப்யூட்டர் சென்டரில் நிரந்தரம் ஆக்குவார்கள். ஒரு வருடமாக டிரெய்னி.

நோட்டில் பன்னிரண்டே முக்கால் சதுர அடித் தோலுக்கு 12 எழுதி, தலைமேல் குட்டியாக ஒரு 3 போடுவோம். மூன்று கால் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கம்ப்யூட்டரில் தலைமேல் எழுத வழி இல்லை. புள்ளி வைத்து 3 போட்டேன். யாரையும் கேட்கவில்லை, சொந்தக் கண்டுபிடிப்பு. கொஞ்சம் பெருமை.

13-6, செவ்வாய்

நல்ல வெயில். மவுஸ் நகரவில்லை. அடி மூடியைத் திருகி உருண்டையை எடுத்தால் தோல் தேய்க்கிற பஃபிங் தூசி, கோதுமை மாவு மாதிரி. துடைத்துப் போட்டதும் ஓடியது. நடுவில் உருண்டை பீரோவுக்கு அடியில் போய்விட்டது, அதை எடுக்கப் படுத்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார்.

குறிப்பு 2. மவுஸை வாரம் ஒரு முறை துடை. கதவைச் சாத்திவிட்டு.
3. போடும்போது முதலில் யு.பி.எஸ்., பிறகு பெட்டி. அணைக்கும்போது திரையில் சொல்லிவிட்டுத்தான் ஸ்விட்ச்.
4. பத்துத் தோலுக்கு ஒரு முறை சேமி. கரண்ட் சொல்லிவிட்டுப் போகாது.
5. திரையில் இங்கிலீஷில் ஏதாவது திட்டு வந்தால் உடனே ஓகே அமுக்காதே. வந்ததை அப்படியே எழுதிக்கொள்.

வாங்க வேண்டியது: பிளாப்பி இரண்டு, ரேஷன் சர்க்கரை, மனைவி ரோசிக்கு டியூட்டி செருப்பு. (ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நின்று பழைய செருப்பு தேய்ந்துவிட்டது. மூன்று வாரமாகச் சொல்கிறாள்.)

14-6, புதன்

நானூறும் ஏற்றி முடித்தேன். பிரிண்டர் கத்திக்கொண்டே காகிதத்தைக் கக்கியது. மொத்தம், நோட்டைவிடத் தொண்ணூறு அடி குறைவு.

நோட்டை மூன்று முறை கூட்டினேன். நோட்டு சரி.

மானேஜர் சலீம் பாய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தொண்ணூறு அடி கம்மின்னா ஏழெட்டுத் தோலு. எலி கம்ப்யூட்டருக்குள்ள பூந்து தின்னுடுச்சா?" ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய. பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும், "பொண்ணு புதுசு. அவசரத்துல எங்கனா கோட்டை விட்டுட்டாளா?"

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் பியூலா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு காகிதங்களை விரித்தாள். ரோசி என்னை முறைத்தாள், சாப்பிட்ட பிறகு சொல்லியிருக்கக் கூடாதா என்று. சரிதான்.

15-6, வியாழன்

பியூலா அரை நாள் லீவு போட்டு கம்பெனிக்கு வந்தாள். புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாள். கோளாறு இல்லை. தானே இரண்டு அளவு போட்டுக் கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. நான் ஏற்றிய லிஸ்ட்டைக் கூட்டச் சொன்னால் மட்டும் தொண்ணூறு அடி காணோம்.

கண் சிவந்திருந்தது. தூசி என்றாள்.

"பெரிய லிஸ்ட்டுல தேடினா கிடைக்காதுப்பா. ரெண்டே ரெண்டு போட்டு, கையால கூட்டிப் பார்க்கணும். எதையும் ஒண்ணொண்ணாத்தான் மாத்தணும்." குறிப்பு 6, 7 என்று எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது, சனிக்கிழமையும் இப்படியே வந்தால் புரோகிராமை எடுத்துக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னாள்.

பத்தாவது பெயில்தான் நான். ஆனால் விடுவதாக இல்லை.

16-6, வெள்ளி

ஏழரைக்கே ஆபீஸ். வாட்ச்மேன் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தது:
அணைத்துப் போட்டேன். குறைவு.
வேறு பிளாப்பி. குறைவு.
ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். குறைவு.
ஜெபம். அதற்கும் குறைவு.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் குறிப்பு 6. நோட்டிலிருந்து இரண்டே தோல். ஒன்று பன்னிரண்டே முக்கால், ஒன்று பத்தரை. வழக்கம்போல 12.3, 10.2 என்று தட்டினேன். கையால் கூட்டினால் இருபத்து மூன்றே கால். கம்ப்யூட்டர் சொன்னது இருபத்திரண்டரை.

பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் நாலில் மூன்று என்று போட்டதை அது பத்தில் மூன்று என்று எடுத்திருக்கிறது. முக்கால் என்றால் .75. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. எலி நான்தான்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நேராக சலீம் பாய் மேஜை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சுற்றி நாலு பேர். இருக்கட்டும்.

"தப்பு என்னுது பாய். பொண்ணோடது இல்ல."

புள்ளிக் கதையைச் சொன்னேன். அவர் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. "இருபத்திரண்டு வருஷமா அடி எழுதற ஆளு நீங்க."

"அதனாலதான் பாய்."

சோற்றை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். நாலு பேரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை வரை பேஜார்தான் எனக்கு. பரவாயில்லை. இரண்டு மணிக்கு உட்கார்ந்து முதல் தோலிலிருந்து திரும்ப ஏற்ற ஆரம்பித்தேன்.

17-6, சனி

மேகமூட்டம். நானூறாவது தோல் பதினொன்றரைக்கு. மொத்தம், கால் அடிகூட வித்தியாசம் இல்லை. முதலாளி இரண்டு காகிதத்தையும் மடித்து வைத்துவிட்டு, "வெச்சிக்கலாம்" என்றார். ஒரே வார்த்தை.

மதியம் பியூலா வந்து, காலுக்கு என்று தனிக் கட்டம் போட்டாள். மூன்றுக்கு மேல் ஏற்காது. வேண்டுமென்றே 4 தட்டிப் பார்த்தேன். கீச்சென்று கத்தியது. நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று முதலிலேயே கேட்காதது தன் தப்பு என்றாள். குறிப்பு 8 ஆக எழுதச் சொன்னாள், அவள் பெயரில்.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னல் சீட் அவளுக்கு. பாதி வழியில் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "எல்லாரும் என் புரோகிராம்தான் தப்புன்னாங்க. நீங்க ஒருத்தர்தான்ப்பா என்னை நம்புனீங்க."

டிக்கெட்டைத் தேடுவது போல் சட்டைப் பையைத் துழாவினேன்.

புதன்கிழமை பாய் கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.