பத்தரைக்குள் வீடு திரும்பிய செவ்வாய்

கட்டத்துக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டவளே,

இன்று காலை ஆபீசில் பயிற்சி வகுப்பு. வலைப்பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் நிரல் எழுதுவது எப்படி என்று பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் திரையில் காட்டினார். "பக்கத்தில் இருக்கும் பெட்டியை, பட்டனை எல்லாம் மேலிருந்து எண்ணித் தேடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து ஓர் ஆப்ஜெக்டுக்குள் வையுங்கள். மற்றவர்கள் பெயரைச் சொன்னால் போதும், தேடுவது அதன் பாடு" என்றார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. ஏய், அது நீ சொன்னதுதான்டி! தல்லாகுளத்தில், டவுன் பஸ் போனால் அதிரும் அந்த மாடி அறையில் உட்கார்ந்து நீ சொன்னது. அதற்கு இப்போது வாய் நிறைய இங்கிலீஷில் பெயர், படித்தால் சான்றிதழ் வேறு! உனக்குச் சொல்ல வேண்டும் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அந்த மாடி அறை ஒரு திருமணத் தகவல் மையம். சுவர் முழுக்க ஜாதக ஃபைல்கள். அத்தனையையும் இணையதளத்தில் ஏற்றித் தருவதுதான் நம் இருவருக்கும் முதல் வேலை. நான் சமயநல்லூரிலிருந்து பஸ் பிடிப்பேன், நீ பழங்காநத்தத்திலிருந்து. உங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். என்னோடு பேசுவது பச்சை மதுரைத் தமிழ். கோபம் வந்தால் மட்டும் வீட்டு மொழிக்குத் தாவிவிடுவாய். ஒரு எழுத்துகூடப் புரியாமல், நீ திட்டி முடிக்கும் வரை தேமே என்று உட்கார்ந்திருப்பேன்.

பெயரைச் சொடுக்கினால் பன்னிரண்டு ராசிக் கட்டங்களும் கிரகங்களும் திரையில் வர வேண்டும். அந்தப் பகுதி என்னுடையது. என் நிரல் பக்கத்தின் முதல் கட்டத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகும். வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாக: ஒன்று மீனம், இரண்டு மேஷம், மூன்று ரிஷபம், நாலு மிதுனம், அடுத்த வரிசையில் ஐந்து கும்பம். நீ அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாய்.

"ராசிக்குப் பேர் இருக்குல்ல? பேரைச் சொல்லிக் கூப்பிடாம எண்ணிக்கிட்டு இருக்க?"

"எண்ணுனா முடிஞ்சுபோற வேலைக்கு எதுக்குடி இம்புட்டுச் சுத்து?"

"மூணாவது வீடுன்னு எழுதி லெட்டர் போடுவியா நீ? நடுவுல ஒருத்தன் வீடு கட்டுனா உன் லெட்டர் எவன் வீட்டுக்குப் போகும்?"

பேச்சோடு நிற்கவில்லை நீ. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தனியாக ஒரு கோப்பு எழுதினாய். அதற்குள் 'கட்டம்' என்று ஒரு பொருள். அதனிடம் விருச்சிகம் என்றால் போதும், பக்கத்தில் அது எந்த மூலையில் கிடந்தாலும் தேடிப் பிடித்துவிடும். செவ்வாயைப் போடு என்றால் போட்டுவிடும். ஒரு பிரவுசரில் வருவது இன்னொன்றில் வராத சண்டையை எல்லாம் தனக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். முதல் தடவை ஒரே வரி அடித்து, செவ்வாய் போய்ச் சரியாக உட்கார்ந்ததும் கை தட்டிக் குதித்தாயே! எனக்குள்ளும் ஒரு குதி குதித்தது. ஆனால் வீம்பு விடவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தேன். தளத்தில் ஏறியது என் எண்ணிக்கைதான். உன் கோப்பு ஒரு ஃபோல்டரில் தூங்கியது.

அந்தத் தளத்தில் உன் அக்காவின் ஜாதகமும் இருந்தது. நாலு வரன் வந்து தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதாக வந்த வீட்டில் பையனுக்குப் போட்டோ பிடித்திருந்தது, ஜாதகம் மட்டும் பாக்கி. திறப்பு விழா அன்றே மையத்துக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள் என்பதை என்னிடம் நீ சொன்னபோது, உன் குரல் என்னவோ போல இருந்தது.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். நீ அக்காவைக் கூட்டி வர வேண்டியிருந்ததால் நான் முதலில் வந்துவிட்டேன். மைய ஓனர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பிள்ளையார் சுழி இல்லாம ஒரு பக்கமா?" என்றார். அதற்கென்ன அண்ணே என்று உச்சியில் ஒரு கட்டம் சேர்த்து அழகாகச் சுழியைப் போட்டேன். அரை நிமிட வேலை. என் சுறுசுறுப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் இருந்தார். உன் அக்காவின் ஜாதகத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் எண்ணினார்.

"ஏழுல செவ்வாய் இருக்கே, தோஷமாச்சே" என்று ஓனரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுத் தாளை மடித்தார். கதவோரம் நின்ற அக்கா யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

நீ பாய்ந்துபோய் அந்தத் தாளை வாங்கினாய். நாலு வரன் வந்துபோன வீட்டில் ஜாதகம் மனப்பாடம் ஆகாமல் இருக்குமா? கும்ப லக்னம், விருச்சிகத்தில் செவ்வாய். பத்தாம் இடம், அதுவும் சொந்த வீடு. தாளிலோ லக்னம் மிதுனத்தில், செவ்வாய் தனுசில். "ராகுவும் கேதுவும் நேருக்கு நேர் இல்லையேடி! எந்த ஊர்ல இப்படி இருக்கு?" என்று என்னிடம் கத்தினாய்.

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். சுழி போய் முதல் கட்டமாகிவிட்டது. அதற்குக் கீழே ஊர் ஜாதகம் முழுக்க ஒரு கட்டம் நழுவியிருந்தது. வேறொரு பக்கத்தைத் திறந்தால், மீனத்தில் இருக்க வேண்டிய குரு பிள்ளையார் சுழி மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்.

மணி பத்தே கால். சுழியை எடுத்துவிடுகிறேன் என்றேன். "திறப்பு விழா அன்னைக்குப் பிள்ளையாரை எடுக்குறதா?" என்று ஓனர் பதறினார்.

"அப்ப எல்லாத்துலயும் ஒண்ணு கூட்டிரவா?" என்றேன் உன்னிடம்.

"நாளைக்கு முருகனையும் வைக்கச் சொல்லுவாரு. அப்ப ரெண்டு கூட்டுவியா? நகருடி."

அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கிறது. பன்னிரண்டு கட்டங்களுக்கும் பெயர் எழுதினாய், என் எண்ணிக்கையை மொத்தமாக வழித்துப் போட்டாய், உன் கோப்பைக் கூப்பிட்டாய். மாப்பிள்ளையின் அம்மா உன் முதுகுப் பக்கம் வந்து நின்று உங்கள் மொழியில் ஏதோ கேட்டார். நீ திரும்பாமலே இரண்டு வார்த்தை சொன்னாய். அவர் படபடவென்று பொரிந்து தள்ளினார். நீ சிரித்துக்கொண்டே தட்டினாய். எனக்குப் புரிந்தது ராகு, கேது மட்டும்தான்.

பிரிண்டர் ஒவ்வொரு வரியாக இழுத்து இழுத்துத் துப்பியது. பத்தரைக்கு நாலு நிமிடம் இருக்கும்போது தாள் அவர் கைக்குப் போனது. செவ்வாய் விருச்சிகத்தில், சுழி உச்சியில். மறுபடியும் விரலால் எண்ணினார். அக்காவைக் கைநீட்டிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நீயும் நானும் மாடிப்படியில் ஓடி வந்து நின்று, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு குதித்தோம். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

அக்கா அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனாள். நாம் போகும்போதெல்லாம் அந்த அம்மா உன்னை ஏதோ ஒரு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வீடே சிரிக்கும். செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். உன் கோப்பைக் கொண்டாடி, எண்ணியது யார் என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லி, அந்தக் கதையை எத்தனை இடத்தில் அளந்திருப்பேன்!

உன் பதினாறாம் நாள் அன்று அக்காதான் சொன்னாள். அன்று அந்த அம்மா கேட்டது, "யாரு இப்படிப் போட்டது?" நீ சொன்ன இரண்டு வார்த்தை, "நான்தான்மா." அந்தப் பட்டப்பெயருக்கு அர்த்தம், கட்டம் மாத்தி.

"உங்க முகத்தைப் பாத்தாளாம். அழுதுருவீங்க போல இருந்துச்சாம். 'அவளுக்குத் தாங்காதுக்கா, எனக்குத் திட்டு பழக்கந்தானே'ன்னா. உங்ககிட்டச் சொல்லவும் விடல."

அடிப்பாவி! இத்தனை வருஷம் என் திட்டை நீ வாங்கிக்கொண்டிருக்க, அதற்கு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்று அக்கா மடியில் விழுந்து அழுதேன். பிறகு நேரே அந்த அம்மாவிடம் போய், எண்ணியது நான்தான் என்று சொன்னேன். கண் சரியாகத் தெரியாத அந்த வயதிலும் என் காதைத் தேடிப் பிடித்து முறுக்கினார். "எம்புட்டு வருஷம் அவளை வஞ்சிருக்கேன்டி" என்று அவரும் அழுதார்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளே இருந்து குரல் வந்தது. எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழில்.

"யாரு, கட்டம் மாத்தியா?"

"நான்தான்மா," என்றேன். "வாரேன்."