சின்னவள் வாய் திறக்க மறுக்கிறாள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நல்லபடியாக இருக்கிறாய் என்று அப்பா சொன்னார், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசலாமே என்பாய். பேசினால் கத்திவிடுவேன், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி.

வளர்கிற வயதில் நோய் வந்தால் பிள்ளைகள் மனசு என்ன பாடுபடும், அதைப் புரிந்துகொள்ள டாக்டர்களுக்குக் கதையும் கவிதையும் எப்படி உதவும் என்று மருத்துவ மாணவர்களுக்கு முன்னால் பேசினாயே, அந்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினாய். அந்த மனுஷன் பெருமை தாங்காமல், முழுதாகப் பார்க்கும் முன்பே, சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தள்ளிவிட்டார். உன் அத்தை மகளும் சின்னவளும் ஒரே வகுப்பு என்பது அவருக்கும் உறைக்கவில்லை, உனக்கும் உறைக்கவில்லை. மறுநாளே வகுப்பு முழுக்கப் பார்த்தாகிவிட்டது. நீ பெயரைச் சொல்லவில்லையாம், "என் தங்கை" என்று மட்டும்தான் சொன்னாயாம். உனக்கு எத்தனை தங்கைடா இருக்கிறார்கள்?

அவளுக்கு வலிப்பு வரும் என்பதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். வந்து போனதும் உடுப்பு நனைந்துவிடுவதையும், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளே துவைப்பதையும் எதற்குச் சொன்னாய்? அதைச் சொல்லும்போது உன் குரல் வேறு தழுதழுக்கிறது, கூட்டம் கை தட்டுகிறது. பதினைந்து வயதுப் பெண்பிள்ளைடா அவள். கொடியில் அந்தத் துணியைப் பார்த்தால் நானே ஒன்றும் தெரியாதவள் மாதிரி மடித்து வைத்துவிடுவேன். அண்ணன் டாக்டர், யாரிடமும் சொல்லமாட்டான் என்று உன்னை நம்பித்தானே சொன்னாள்? பள்ளிக்கூடத்தில் யாரும் வாய்விட்டுக் கேலி செய்யவில்லை, பக்கத்தில் உட்காருகிறவள் இவள் இடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்தாளாம், அவ்வளவுதான். அதையும் இவள் அழாமல் சொன்னாள்.

போன வாரம் நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். முன்பெல்லாம் அங்கே என்னைப் பேசவே விடமாட்டாள், முதலில் கண்ணோரம் வெள்ளையாக மினுக்குகிறது, பிறகு இடது கை மரத்துப்போகிறது என்று மூச்சு விடாமல் சொல்வாள், அதைக் கேட்டுத்தான் அவரும் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். இந்தத் தடவை என்ன கேட்டாலும் "எங்க அண்ணனைக் கேளுங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்ற ஒரே பதில். டாக்டரம்மா என்னைப் பார்க்கிறார், நான் எங்கே போய்ப் பார்த்துச் சொல்வேன், அவள் தலைக்குள் நடப்பது அவளுக்குத்தானே தெரியும்? நேற்று படிக்கட்டில் விழுந்து தாடையில் தையல். மினுக்கல் தெரிந்தால் அம்மா என்று கூப்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்கிறவள், நேற்று யார் கண்ணிலும் படக்கூடாது என்று மாடிக்கு ஓடியிருக்கிறாள். முன்கூட்டியே தெரிந்ததா என்று கேட்டேன். "தெரிஞ்சுது. சொன்னா அதையும் எங்கயாவது போய்ப் பேசுவீங்க" என்றாள். தாடையோடு போனது, அடுத்த தடவை மண்டையாக இருந்தால் நான் என்ன செய்வேன்?

அவளைப் பாராட்டித்தானே பேசினேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். நோயாளி பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று அத்தனை பேருக்கும் நீட்டி முழக்கினாயே, உன்னைப் பற்றிப் பேசட்டுமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்டாயா? முதலில் அந்த வீடியோவை வைத்திருக்கிற எல்லோரையும் அழிக்கச் சொல். பிறகு அவளைக் கூப்பிடு, என்னையோ அப்பாவையோ இல்லை. அப்பாவுக்கு என்னிடம் கிடைத்த திட்டில் அவர் போனைத் தொடுவதையே விட்டுவிட்டார். எடுக்கவில்லை என்றால் மறுபடியும் கூப்பிடு. எடுத்தால் டாக்டராக ஒரு வார்த்தை பேசாதே, விளக்கம் சொல்லாதே, தப்பு பண்ணிட்டேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு, அவள் திட்டினால் வாங்கிக்கொள். திட்டினாளானால் நல்லது, பேச ஆரம்பித்துவிட்டாள் என்று நான் நிம்மதியாக இருப்பேன்.

இவ்வளவு கோபத்திலும் நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன், பெற்ற வயிறு வேறு என்ன செய்யும். வேளைக்குச் சாப்பிடு. இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்து, அண்ணனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். முழுக்கப் படித்தாள், நான் எழுதிய ஒரு பக்கத்தைக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "இப்ப அனுப்பும்மா" என்றாள். அதில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்காதே, சொல்லமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா