குடிநீர்க் குழாயடியில் தொங்கும் தட்டு

அனுப்புநர்:
விருத்தாசலம் பீங்கான் ஆலையின் மண் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிபவன்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
தென்னாற்காடு மாவட்டம், கடலூர்.

பொருள்: பெண் தொழிலாளர்கள் சுண்ணாம்புச் சத்து வேண்டி மண் தின்பதும், ஆலை மருந்தகத்தில் சத்து மாத்திரை தவறாக வழங்கப்படுவதும் – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன்.

1. நான் சிதம்பரத்தில் படித்து வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவன். ஆலைக்கு வந்திறங்கும் களிமண்ணில் என்ன இருக்கிறது என்று சொல்வது என் வேலை. இத்தனை ஆண்டுகளில் என் முடிவு ஒன்றுகூடப் பிழையானதில்லை. பரிசோதனைக் கூடத்தின் தலைமைப் பதவி இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனது இந்த மனுவுக்குச் சம்பந்தமில்லாதது. எழுதிவிட்டேன், அடித்து நீக்கவில்லை.

2. எங்கள் ஆலையில் கர்ப்பமான பெண்கள், சூளையில் ஒரு முறை மட்டும் வெந்த, மெருகு பூசாத கோப்பைத் துண்டுகளைக் கடித்துத் தின்பது வழக்கம். வெள்ளையாக இருப்பதால் எலும்புக்கு நல்லது, பிள்ளைக்குப் பல் உறுதியாகும் என்று நம்புகிறார்கள். அந்த மண்ணைப் பல நூறு முறை பகுத்துப் பார்த்தவன் நான். சுண்ணாம்புச் சத்து அதில் இல்லையென்றே சொல்லலாம்.

3. ஆலை மருந்தகத்தின் கம்பவுண்டர் திரு. கலியமூர்த்தி, இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒரே பொட்டலத்தில் போட்டு, “காலைல ரெண்டையும் ஒண்ணா முழுங்கிட்டு டீ குடிச்சுடுங்க” என்று கொடுத்தனுப்புகிறார். சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. டீயும் அதைக் கெடுக்கும். அவர் தரும் கார்பனேட் வகைச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டியது. வயிறு கட்டுகிறது என்று பெண்கள் முறையிட்டதற்கு அவர் சொன்ன பதில்: “மாத்திரை புடிக்கலன்னா உங்க மண்ணையே தின்னுங்கம்மா. அதுவும் வெள்ளையாத்தானே இருக்குது?” அவர் சொன்னது வேடிக்கைக்கு. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னதால் பெண்கள் அதை வைத்தியமாக எடுத்துக்கொண்டார்கள்.

4. கோப்பை விளிம்பு தேய்க்கும் திரௌபதி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நிற்க முடியாமல் என் கூடத்துக்கு வந்தாள். “லேப்பு சார், மண்ணுல இல்லைங்கிறீங்க. அப்ப எதுலதான் சார் இருக்குது?” என்று கேட்டாள். என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டு வெகு காலமாகியிருந்தது. பெருமையாகப் பதில் சொன்னேன்: இந்த ஆலைக்குள் என்றால், கோப்பை வார்க்கும் அச்சில்தான் இருக்கிறது என்று. அச்சு, சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தில் செய்வது. வேதியியலில் என் பதில் சரி. தின்னச் சொல்லவில்லை. தின்னாதே என்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவள் உடைந்த அச்சுத் துண்டுகளைத் தின்று, குடல் அடைத்து, அரசு மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்தாள். அவளும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தது மருத்துவர்களின் திறமை. கலியமூர்த்தியின் தவறை எழுதும் கை என் தவறை விட்டுவிடக் கூடாது.

5. மருத்துவமனையில் அவளைப் பார்த்துவிட்டு வந்து ஒரு பட்டியல் எழுதினேன். கேழ்வரகு, மோர், எள், முருங்கைக் கீரை, முள்ளோடு நெத்திலி. நூறு கிராம் கேழ்வரகில், முந்நூறு மில்லிகிராம் கால்சியம் லாக்டேட் மாத்திரை எட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று கணக்கும் போட்டேன். கீழே பெயர், பட்டம், கையொப்பம் இட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மூன்றாம் நாள் கலியமூர்த்தி கிழித்தார். “மண்ணு பாக்கறவருக்கு மருந்து எதுக்குய்யா?” என்று எல்லோர் முன்பும் கேட்டார். சிரித்தார்கள். அன்றிலிருந்து மருந்தகம் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

6. ஆனால், கோப்பையில் பூ வரையும் கனகா அதற்குள் பட்டியலைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறாள். கோணலானதால் கழித்த தட்டு ஒன்றில், நீலச் சாயத்தில், தன் பேச்சிலேயே எழுதி, மெருகு பூசிச் சூளையில் வைத்துச் சுட்டுவிட்டாள். “கேவுரு கூழு, மோரு, எள்ளுருண்ட, முருங்கக் கீர. நெத்திலிய முள்ளோட தின்னு. மண்ணு வாணாம். அச்சு வாணவே வாணாம்.” என் பெயர் அதில் இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. கேட்டேன். “பேரு போட்டா ஒடச்சிடுவாங்க சார்” என்றாள். தட்டு இரண்டு மாதமாகக் குடிநீர்க் குழாயடியில் தொங்குகிறது. நீர் தெறித்தும் ஓர் எழுத்தும் அழியவில்லை. எட்டுப் பெண்கள் மதியத்துக்குக் கூழ் கொண்டுவருகிறார்கள். எங்கள் ஆலைச் சூளையிலிருந்து இதைவிட நல்ல சரக்கு வெளிவந்து நான் பார்த்ததில்லை.

7. மாத்திரையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். திரௌபதிக்கு இப்போது எட்டாம் மாதம். கூழ் மட்டும் போதாது. அவள் கைக்கு இன்றும் அதே பொட்டலம்தான் வருகிறது. லாக்டேட் வகை வயிற்றுக்கு இதமானது, ஆனால் சத்து குறைவு. கார்பனேட்டில் சத்து அதிகம், ஆனால் வயிறு கட்டும். யாருக்கு எது, எந்த வேளை என்பதை ஒரு மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். ஆகவே, அவளுடைய பிரசவத்துக்கு முன் பெண் மருத்துவர் ஒருவரை எங்கள் ஆலைக்கு அனுப்பிவைக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

கையொப்பமில்லாத மனுவை அலுவலகங்கள் மதிப்பதில்லை என்று அறிவேன். ஆலையின் வேறு குறைகள் பற்றிக் கையொப்பமிட்டு இதுவரை ஏழு மனு போட்டிருக்கிறேன். ஏழையும் “பதவி கிடைக்காத ஆத்திரம்” என்று கட்டி வைத்துவிட்டார்கள். ஆகவே இத்துடன் களிமண் ஒரு பொட்டலம், அச்சுத் துண்டு ஒன்று, மருந்தகப் பொட்டலம் ஒன்று வைத்துள்ளேன். இவற்றைப் பரிசோதிக்க என் பெயர் தேவையில்லை. எங்கள் ஆலையில் மண் பரிசோதிப்பவன் ஒருவன்தான். நேரில் வந்து கேட்பவரிடம் எதையும் மறைக்க மாட்டேன்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 14.9.1972

இப்படிக்கு,

என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறேன். கனகாவின் தட்டில் இல்லாத பெயர் இதிலும் வேண்டாம். இப்படியே இன்று மாலை ரயிலடித் தபாலில் சேர்க்கிறேன்.