வெறுங்கையோடு குளத்துக்கு

என் கண்ணு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்பு பரவாயில்லை. உனக்கு வாந்தி நின்றதா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுகிறேன், நீயும் பயந்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் சிரிக்காதே, நாலாவதோடு நின்றவள் நான்.

பிரசவத்துக்கு வந்து கூட இரு, டிக்கெட் போடுகிறேன் என்று சொன்னாய். நான் ம் என்றதோடு சரி. உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். காரணம் இருக்கிறது.

அப்பா போனபிறகு சாயங்காலத்தில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பேக்கரியில் தட்டு கழுவி முடித்ததும் அவருடைய பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போய்விடுவேன். பஸ் ஓட்டுகிற வேலை முடிந்தபிறகு அவர் அங்கேயே கிடந்தாரே. வீட்டில் பல்பு மாட்ட ஆளில்லை, வாத்துக்குக் காவலாக்கும் என்று குத்துவேன். வாத்து என்னைத் திட்டுறதில்லையே என்பார். இப்போது எனக்கும் எது எந்தப் பறவை என்று தெரிகிறது. நெற்றியில் வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி. சத்தம் கேட்டதும் தண்ணீருக்குள் முங்கி வேறெங்கோ தலை நீட்டினால் முக்குளிப்பான். வேலை சொன்னதும் உன் அப்பா மறைவாரே, அதே மாதிரி.

கரையில் ஒரு வாத்து குஞ்சு பொரித்திருந்தது. பேக்கரியில் மிஞ்சின ரொட்டியைக் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு குஞ்சு மட்டும் என் செருப்புச் சத்தம் கேட்டாலே காலடிக்கு ஓடிவரும். யாரோ எனக்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. அதற்கு மட்டும் தினமும் கூடுதலாகப் போட்டேன்.

மற்றதுக்கெல்லாம் இறகு முளைத்தபோது இதற்கு ஒரு சிறகு முறுக்கிக்கொண்டு வெளியே நீட்டியது. கல்லால் அடித்தீர்களா என்று அங்கே விளையாடுகிற பிள்ளைகளையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பறவை பார்க்க வருகிற மாட்டு டாக்டரம்மாதான் அதைத் தூக்கிப் பார்த்தார். யாரும் அடிக்கலம்மா, ரொட்டி போட்டீங்களா என்று கேட்டார். வளருகிற குஞ்சுக்கு அது ஆகாதாம். உடம்பு சட்டென்று பெருத்தால் சிறகெலும்பு பாரம் தாங்காமல் திரும்பிவிடுமாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சிறகை மடக்கித் துணி சுற்றிவிட்டு, நேரானாலும் ஆகும், ஆகாமலும் போகும் என்றார்.

வீட்டுக்கு வந்து ரொட்டி கொண்டுபோன பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு க்ரீம் பன்னும் அதே பையில்தானே வரும். சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறாமல் கிடந்தபோதும், ஒண்ணே ஒண்ணுதான் என்று அந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கு, நீ ஊட்டி ஊட்டித்தான்ம்மா என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாய். பிறகு போனில் மன்னிப்புக் கேட்டாய். அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை கண்ணு. நீ சொன்னதில் தப்பில்லை, மன்னிப்பு உன்னிடமே இருக்கட்டும்.

இப்போது வெறுங்கையோடுதான் போகிறேன். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. சிறகு இன்னும் முழுசாக மடங்கவில்லை, பறக்குமா என்று தெரியாது. ஆனாலும் ஓடிவந்து என் கையைத்தான் பார்க்கிறது. விரித்துக் காட்டுகிறேன். கொஞ்ச நேரம் நிற்கிறது, அப்புறம் தாயோடு பாசி மேயப் போகிறது. அந்தக் கொஞ்ச நேரம்தான் பொல்லாதது. முகத்தைத் திருப்பாமல் நிற்கப் பழகுகிறேன்.

டிக்கெட் போடு, வருகிறேன். ஆனால் பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். அது கை நீட்டி அழுதாலும் அதற்குமேல் கொடுக்க மாட்டேன். மனசு கேட்காமல் ஊட்டப் போனால், அம்மா என்று பார்க்காதே, கையைத் தட்டிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நீயும் வயிற்றில் இருப்பதும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா