தம்பி பேசாத அத்தியாயம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் கேட்டால், "நல்லாத்தான்க்கா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். வர்த்தகப் பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் சுற்றிலும் அதிகாரிகள் இருப்பார்கள், புரிகிறது. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

அச்சகத்தின் பின்சுவரில் இறங்கிய ஈரத்தைச் சரிசெய்துவிட்டேன். பெரிய இயந்திரம் ஒரு வாரம் முரண்டு பிடித்து, இப்போது வழிக்கு வந்திருக்கிறது. உன் மனைவி நேற்று முன்தினம் வந்து சாப்பிட்டுப் போனாள். "அவர் இல்லாததுல ஒரே லாபம், ரிமோட் என் கையில இருக்கு" என்றாள். சிரித்தாலும் முகம் வாடித்தான் இருந்தது.

அடுத்தது நம் கமா. எனக்குப் பக்கம் கோத்துத் தருகிறவர், நிறுத்தற்குறி ஒன்று தவறினால் சாப்பாடு இறங்காத மனிதர், அதனாலேயே நாம் கமா என்று பெயர் வைத்தோமே, அவரேதான். அவர் பண்ணிய காரியத்தைக் கேள். எந்த அச்சகத்திலும் புத்தகத்தின் முகப்புப் பக்கங்களைக் கடைசியில்தான் ஓட்டுவார்கள். பொருளடக்கமும் முன்னுரையும் முடிவானால்தானே அவை முடியும். இவரோ, அப்பாவின் கதைப் புத்தகம் என்ற ஆசையில் அவற்றையே முதலில் ஓட்டிவிட்டார். நான் வெளியூர் போய்த் திரும்பினால் கட்டுக் கட்டாகத் தாள் அடுக்கியிருக்கிறது. அப்பா பெயர், அடுத்த வருடத் தேதி, அதற்குக் கீழே 'இந்நூல் இனி எல்லோருக்கும் சொந்தம்' என்று ஒரு வரி. திட்டலாம் என்று வாயெடுத்தேன். "தப்புதாம்மா, ஆனா படிக்க நல்லா இருக்குல்ல?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் செய்தித்தாளில் உங்கள் வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றிப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். நம் துணிக்கும் மீனுக்கும் அந்த நாட்டுக்காரர்கள் வரியைக் குறைப்பார்களாம். பதிலுக்கு நாம் பதிப்புரிமைச் சட்டத்தை மாற்றவேண்டுமாம். எழுதியவர் இறந்து ஐம்பது வருடம் வரை இருக்கும் உரிமை எழுபது ஆகுமாம், அதுவும் இந்த வருடத்துக்குள்ளேயே. அப்பா போய் ஐம்பது வருடம் முடிவது இந்த வருடக் கடைசியில்தான். இன்னும் இருபது வருடம் என்றால் எனக்கு எண்பத்தொன்று. நான் இருந்து பார்த்துவிடுவேன், கமாவை நினைத்தால்தான் கவலை.

துணி ஆலையில் வேலை செய்கிறவர் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும், தம்பி. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அப்பா கதைகளுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துப் பார். படுக்கையில் கிடந்தபோது உரிமை முழுவதையும் அன்றைய பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்தார். அந்தப் பதிப்பகத்தை இன்னொன்று வாங்கி, அதையும் கடல் தாண்டிய ஒரு பெரிய நிறுவனம் வாங்கிப் போட்டது. அவர்களாக அச்சிடுவதும் இல்லை, அச்சிட நம்மை விடுவதும் இல்லை. எத்தனை தடவை எழுதினாலும் 'தற்போது திட்டமில்லை' என்று ஒரே பதில். போன மாதம் பக்கத்துத் தெருப் பள்ளி ஆசிரியை, வண்டி ஓட்டும் தவளைக் கதையைப் பிள்ளைகளை நடிக்க வைத்து இணையத்தில் போட்டிருக்கிறார். மறுநாளே நிறுவனத்தின் அறிவிப்பு வந்து, எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளைகளின் புத்தகப் பையிலெல்லாம் அந்த நிறுவனத்தின் கார்ட்டூன் கரடி சிரித்துக்கொண்டிருக்கிறது. கரடிமேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்தில் நம் தவளைக்கும் கொஞ்சம் இடம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

இனி, எழுத வந்த விஷயம். உன் மனைவியைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஒப்பந்தத்தின் மீன் அத்தியாயத்தில் நீ விடாப்பிடியாக நின்றாயாம். பதிப்புரிமை அத்தியாயம் வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறாயாம். "அப்பா புத்தகம், அக்கா அச்சகம். நான் வாயைத் திறந்தா குடும்பத்துக்காகப் பேசறான்னுதான் சொல்லுவாங்க" என்று அவளிடம் சொன்னாயாமே. உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எதற்கு? உன்மேல்தான் கோபம். அந்தச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் நம் பக்கத்தில் நீ ஒருவன்தான். நீ சும்மா இருந்தால் எதிர்ப்பக்கம் அதைச் சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்ளும்?

அப்பாவுக்காவது நாம் இரண்டு பேர் இருக்கிறோம். ஆஸ்பத்திரி வார்டைப் பற்றிக் கதை எழுதிய ஒரு நர்ஸ் இருந்தாள், உனக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய வாரிசு யார், உரிமை யாரிடம் இருக்கிறது என்று நானும் அலையாத இடமில்லை. யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் யாரும் அச்சிடத் துணிவதில்லை. அவள் இறந்தும் இன்னும் இரண்டொரு வருடத்தில் ஐம்பது வருடம் முடிகிறது. அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர். நீ ஒரு எழுத்தாளரின் மகன் என்பதால் இவர்களுக்கெல்லாம் பேச ஆளில்லாமல் போவது என்ன நியாயம்?

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். கோத்து வைத்த பக்கங்களையும் படங்களையும் அப்படியே எதிர்த்தெருப் பதிப்பகத்துக்காரரிடம் கொடுத்துவிட்டேன். ஆமாம், பார்த்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேனே, அதே மனிதர்தான். "உங்க அப்பா புத்தகத்தை நான் போடறதாம்மா?" என்று அவரே திகைத்துப்போனார். உரிமை தீர்ந்தால் போடுங்கள், அதிலிருந்து எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் அச்சகம் அப்பா புத்தகத்தை ஒருநாளும் வெளியிடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கமா என்னோடு பேசுவதில்லை. தேநீரை மட்டும் மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போகிறார்.

அந்தப் புத்தகத்துக்காகத்தான் நான் அச்சகமே வைத்தேன் என்று உனக்குத் தெரியும். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். இப்போது பரவாயில்லை.

நீ செய்யவேண்டியது இதுதான். யாரும் கேட்பதற்கு முன்னால் நீயாக எழுந்து, நான் இன்னாருடைய மகன், இதில் என் அக்காவுக்கு எதுவும் இல்லை, இதோ அவள் கையெழுத்து என்று சொல்லிவிடு. வெளியே போகச் சொன்னால், தலை நிமிர்ந்து வீட்டுக்கு வா. இருக்கச் சொன்னால் பேசு. பேசியும் எழுபதுதான் என்று முடிந்தால் முடியட்டும், நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அப்பாவுக்காக நீ பேசவேண்டாம், அந்த நர்ஸுக்காகப் பேசினால் போதும்.

அப்பா போனபோது உனக்கு ஐந்து வயது. அவர் குரல் உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. நீ பேசினால் அப்படியே அவர் குரல்தான்.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். அங்கே ஒரே ஒரு தடவை பேசிவிட்டு வா, தம்பி.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா