ரெண்டாங்கட்டில் உன் குரல்

கானாடுகாத்தான்
14.2.1969

அன்புள்ள தங்கச்சாமிக்கு,

உன் அரசப்பன் எழுதுவது. ஊரில் எல்லாரும் நலம். உன் அம்மா கத்தரி வற்றல் போட்டு வைத்திருக்கிறார். நீ வந்தால்தான் குழம்பு வைப்பாராம்.

நீ அனுப்பிய பேனா வந்தது. 'இனி எனக்குத் தேவைப்படாது, நீயே வைத்துக்கொள்' என்று துண்டுச்சீட்டு வேறு. முந்தின கடிதத்தில், கல்லூரியில் இங்கிலீஷில் நடத்துவது விளங்கவில்லை, எழுந்து கேட்டால் வகுப்பே சிரிக்கிறது, தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். இரண்டையும் சேர்த்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் அம்மாவிடம் காட்டவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. பினாங்கில் இருக்கிற முதலாளியின் பூட்டிய வீட்டைத் திறந்து விளக்கு வைக்க வந்தேன். நாம் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படித்த ரெண்டாங்கட்டு முற்றம் அப்படியேதான் இருக்கிறது. நீ பாடம் ஒப்பிக்கும்போது பாதியில் நின்றால், கடைசி வார்த்தையை வீடு திருப்பிச் சொல்லும். "வீட்டுக்கும் மறந்துபோச்சுடா" என்று சிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாய்.

திரியை ஏற்றினேன். ரெண்டாங்கட்டு மாடியில் உன் குரல் கேட்டது. கங்கையின் கிளை நதிகள். யமுனை, கோமதி, காக்ரா, கண்டக். வழக்கமாக நீ மாட்டிக்கொள்ளும் இடம். சிரிப்பு வரும் என்று நின்றேன். வரவில்லை. கண்டக், கண்டக் என்று குரல் தேய்ந்துகொண்டே போனது. மாடிப்படித் தூசியில் ஒரு கால்தடம்கூட இல்லை.

உயிரோடு இருப்பவன் குரல் பூட்டிய வீட்டில் கேட்கலாமா? ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் பயத்தில் அடுத்த நதியை, "கோசி" என்று கத்திவிட்டேன். பிறகு யாரோ மூச்சை இழுத்துவிட்டு, யமுனை என்று தொடங்கினார்கள்.

நான் இரண்டாம் தடவை பெயிலாகித் தெருவில் தலைகாட்டாமல் கிடந்தபோது நீ ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. தினமும் வந்து, "எந்திரிடா, அங்குட்டுப் போயி உக்காருவோம்" என்று இங்கே இழுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். அப்படித்தான் நான் பிழைத்தேன். இன்றைக்கு உளி பிடித்து நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். பெயிலானவனுக்கும் பொழுது விடிகிறது, தங்கச்சாமி.

தெருவில் போன பையனை அனுப்பி உன் மாமா தேனப்பனை வரவழைத்திருக்கிறேன். வாசலில் நிற்கிறார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா" என்கிறார். ஆனாலும் இந்தக் கடிதத்தோடு இப்போதே பஸ் ஏறுகிறார். அவரிடம் எதையும் மறைக்காதே. தூங்கவில்லை என்று சொல். செத்துவிடத் தோன்றினால் அதையும் சொல். பரீட்சை கிடக்கட்டும், அவரோடு புறப்பட்டு வா. அதுவரை தனியாக இராதே.

நானே வந்திருப்பேன். ஆனால் இங்கிருந்து எழப் பயமாக இருக்கிறது. நான் பதில் சொல்லாவிட்டால் குரல் அங்கேயே நின்றுவிடுமோ என்று பயம். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் பேனாவில்தான் எழுதுகிறேன். மசி பாக்கி இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்.

கண்ணாத்தாள் உன்னைக் காக்கட்டும். இதோ, மறுபடியும் கண்டக்கில் நிற்கிறாய். நான் சொல்லிவிட்டேன். மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கு.

வாசற்கதவைத் திறந்தே வைத்திருக்கும்,
அரசப்பன்